இடது கைக்கும் இடம் வேண்டும்

ஆபரேஷன் தியேட்டர் வலது கைக்காரர்களின் ராஜ்யம். கத்தரிக்கோல், ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர், ரத்தக் குழாயைக் கவ்வும் ஃபோர்செப்ஸ் எல்லாம் வலது கையை மனதில் கொண்டு செய்யப்பட்டவை. நர்ஸ் கருவியை எடுத்துத் தருவதும் வலது உள்ளங்கையில்தான். ஆனால் உலகில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். டாக்டராக வருபவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். வலது கையால் வெட்டும்போது விரல்களின் அழுத்தமே கத்தரிக்கோலின் இரு அலகுகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. அதையே இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகுகின்றன. நூலோ திசுவோ வெட்டுப்படாமல் நடுவில் மடங்குகிறது. நீடில் ஹோல்டரின் பூட்டைத் திறக்க வலது கைக்காரர் கட்டை விரலை லேசாக வெளிப்புறம் தள்ளினால் போதும். இடது கைக்காரர் அதே வளையத்தை உள்பக்கம் இழுக்க வேண்டும். அப்போது கருவியின் முனை அசைகிறது. தையல் போடும் இடத்தில் அந்தச் சிறு அசைவும் பெரிது.

இந்தியாவில் பிரச்னை கல்லூரிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இடது கையால் சாப்பிடும் குழந்தையை அதட்டி மாற்றும் வீடுகள் ஏராளம். பிறகு வார்டில், நோயாளியின் வலது பக்கம் நின்று வலது கையால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடம். எதிரே நிற்கும் சீனியர் போடும் முடிச்சைப் பார்த்துக் கற்க முயலும் மாணவர், தன் கைக்கு ஏற்ப அதைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தடுமாறினால் 'உனக்குக் கை வராது' என்ற தீர்ப்பு சுலபமாக வந்துவிடும். நல்ல சர்ஜனாகக்கூடிய ஒருவர் வேறு துறைக்குப் போய்விடவும் கூடும்.

கை நேர்த்தி பிறவிச் சொத்து அல்ல; பெரும்பாலும் பழக்கத்தில் வருவது. லேப்ராஸ்கோபி இதை நன்றாகவே உணர்த்துகிறது. 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்த முறையில் பித்தப்பையை அகற்றியது இந்தியாவில் ஒரு புதிய தொடக்கம். இதில் கையை வலப்புறம் நகர்த்தினால் உள்ளே கருவியின் முனை இடப்புறம் போகும். இரு கைகளும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். வலது கைக்காரரும் இங்கே புதிதாகத்தான் கற்கிறார்.

சர்ஜரி மேற்படிப்புக்கு இடம் தரும் நீட்-பிஜி தேர்வு விரல்களைச் சோதிப்பதில்லை. அது தவறல்ல. ஆனால் சோதிக்காமல் சேர்த்துக்கொண்டால், கற்றுத்தரும் பொறுப்பு கல்லூரியுடையது. 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நோயாளியைத் தொடுவதற்கு முன் மாதிரிகளில் பழக 'ஸ்கில்ஸ் லேப்' வேண்டும் என்கிறது. அந்த அறையில் இடது கைக்கான சில கத்தரிக்கோல்களும் நீடில் ஹோல்டர்களும் வைப்பதால் பட்ஜெட் கவிழ்ந்துவிடாது. அவை சந்தையில் கிடைப்பவைதான். முடிச்சுப் போடுவதை இரு கைகளிலும் எல்லோருக்கும் கற்றுத்தரலாம். அதற்குச் செலவே இல்லை.

மயக்கத்தில் படுத்திருக்கும் நோயாளிக்கு டாக்டர் எந்தக் கைக்காரர் என்பது பொருட்டல்ல. அந்தக் கை நன்றாகப் பழகியிருக்கிறதா என்பதுதான் அவருடைய உயிர்ப் பிரச்னை.