இது வெட்கப்படுகிற காரியமா?

தோட்டத்துச் சகோதரர்களே, இன்றைய விஷயத்தைப் படிக்கத் தொடங்கியதும் சிலர் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். பெண்டு பிள்ளைகள் பார்க்கிற பகுதியில் இதையெல்லாம் எழுதலாமா என்று கோபித்துக் கடிதம் போடுகிறவர்களும் இருப்பார்கள். போடட்டும். ஆண்களின் விரையில் வரும் புற்றுநோயைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். 'விரை' என்பது எழுத்துக்கு. லயத்தில் அதற்கு வழங்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

மார்பில் கட்டி தென்பட்டால் உடனே காட்ட வேண்டும் என்று நம் பெண்களுக்குப் பல காலமாகச் சொல்லி வருகிறோம். ஆண்பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? கையில் செம்பனை முள் ஏறினால் அன்றைக்கே காட்டுவான். இடுப்புக்குக் கீழே என்றால் வாயைத் திறக்கமாட்டான். "வலிக்கலையே, பொறவு பார்த்துக்கலாம்" என்பான். அந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்கட்டும் என்று காத்திருந்தால் அது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் பரவிவிடும்.

இது கிழவர்களின் வியாதி என்று எண்ண வேண்டாம். பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில்தான் அதிகம் வருகிறது. அதாவது குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் வயதில். மற்றப் புற்றுநோய்களைப் பார்க்க இது அபூர்வம். வெள்ளைக்காரர்களைவிட நம்மவர்களுக்குக் குறைவு. அதனால்தான் யாரும் பேசுவதில்லை போலும்.

நல்ல செய்தியும் உண்டு. 1974-க்கு முன்பு இது நெஞ்சுவரை பரவிவிட்டால் பிழைத்தவர் மிகச் சிலரே. அந்த ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் எயின்ஹார்ன் என்னும் டாக்டர், நுரையீரல்வரை நோய் பரவிய ஒரு மாணவருக்குப் பிளாட்டினம் கலந்த 'சிஸ்பிளாட்டின்' மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தினார். இன்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பரவிய பிறகு வந்தாலும் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். ஆனால் மருந்தும் வேதனையும் கூடும்.

கிரிக்கெட் பார்க்கும் நம் இளைஞர்கள் யுவராஜ் சிங்கை அறிவார்கள். அவருக்கு விரையில் வரவில்லை. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வந்தது. ஆனாலும் அதே இனத்துக் கட்டிதான். 2011 உலகக் கிண்ணப் போட்டியில் இருமலோடும் வாந்தியோடும் ஆடி, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். 2012-இல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர் அதே எயின்ஹார்ன்தான். அவ்வருடம் செப்டம்பரில் சென்னை மைதானத்தில் மறுபடி மட்டை பிடித்தார்!

இனித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கருவில் வயிற்றுக்குள் இருக்கும் விரை, பிறக்கும் முன்பே பைக்குள் இறங்கிவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒன்று மேலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் இந்நோய் வர முக்கிய காரணங்களில் அது ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிக்கு இது கைக்குத் தெரியும். "தானா எறங்கிடும்மா" என்று வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். ஒன்று ஒன்றரை வயதுக்குள் சின்ன அறுவையில் இறக்கி வைத்துவிடுவார்கள். ஆபத்து முழுவதும் போய்விடாது, ஆனால் குறையும். அந்தப் பையன் வளர்ந்ததும் விஷயத்தை அவனுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வாலிபர்கள் வேலை முடிந்து குளிக்கும்போது மாதம் ஒருமுறை கையால் உருட்டிப் பார்த்தால் போதும். ஒன்று சற்றுப் பெரிதாகவும் தாழ்ந்தும் இருப்பது இயற்கை. பின்பக்கத்தில் மிருதுவான குழாய் போலத் தட்டுப்படுவதும் எல்லோருக்கும் உள்ளதுதான். கல் போல ஒரு முடிச்சு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கனம், அடிவயிற்றில் மந்தமான வலி என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அண்டவாதம், குடலிறக்கம் என்று நாமே பேர் வைத்துப் பற்றுப் போடுவதும், ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட்டு நீர் இறக்குவதும் கூடாது.

அடிபட்டதால் வந்தது, கெட்ட சகவாசத்தால் வந்தது என்பதெல்லாம் வெறும் பேச்சு. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. ஒரு விரையை எடுத்துவிட்டால் ஆண்மை போய்விடும் என்ற பயம்தான் பலர் வாயைக் கட்டுகிறது. மற்றொன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் அதுவே போதும். கீமோ மருந்து ஏற்ற வேண்டி வந்தால், பிள்ளை வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். விந்தைச் சேமித்து வைக்க வழி உண்டு.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் கொடுத்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ வேறு பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வருடத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. தண்டல் முணுமுணுத்தால் அதை எடுத்துச் சொல்லலாம். கவுண்டரில் உள்ளவரிடம் விவரம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம்.