தூக்கத்தைக் கழித்தால் சைடு புராஜெக்ட்டுக்கு நேரம் கிடைக்குமா?

கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் ஐடி ஊழியர்கள் பலருக்கு ஒரு நாள் என்பது இரண்டு ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் ஓஎம்ஆரிலோ கிண்டியிலோ இருக்கும் கம்பெனிக்கு. இரண்டாவது, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு தொடங்குவது. ஒரு ஆப், ஒரு யூடியூப் சேனல், ஃப்ரீலான்ஸ் டிசைன், இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கும் கிளையன்ட்டுக்கு ஒரு வெப்சைட். ‘சம்பளம் பூரா இஎம்ஐக்குப் போயிடுது, இதுதான் நமக்குன்னு இருக்கு’ என்பார்கள். அந்த ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்கான நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 7 மணிக்கு எழுந்து, 9 மணிக்குக் கிளம்பி, ரேடியல் ரோடு நெரிசலைத் தாண்டி ஆபீஸ். அதே ரோட்டில் திரும்பி வீடு சேரும்போது இரவு 8.30. சாப்பாடு, பாத்திரம், குழந்தை இருந்தால் ஹோம்வொர்க். 10.30 ஆகிவிடும். இரண்டு மணி நேரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் 12.30. ‘இன்னும் ஒரே ஒரு பக் பாத்துட்டுப் படுத்துடலாம்’ என்றால் 2 மணி.

நேரம் கேட்டால் மேனேஜர் முறைப்பார், வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். தூக்கம் மட்டும் வாயைத் திறக்காது. அதனால் முதல் வெட்டு அங்கேதான் விழுகிறது.

‘எனக்கு ஆறு மணி நேரம் போதும்’

இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைத்தான் காட்டியது. ஆரோக்கியமான 48 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலர் 14 நாட்களுக்குத் தினமும் 8 மணி நேரமும், சிலர் 6 மணி நேரமும், சிலர் 4 மணி நேரமும் தூங்க அனுமதிக்கப்பட்டார்கள். திரையில் எண் தெரிந்தவுடன் பட்டனை அழுத்துவது போன்ற எளிய சோதனைகள்தான் கொடுக்கப்பட்டன.

இரண்டு வாரம் முடியும்போது, 6 மணி நேரம் தூங்கியவர்களின் கவனம் ஒரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குத் தடுமாறியிருந்தது. ஆனால் ‘எவ்வளவு தூக்கம் வருகிறது?’ என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்றார்கள். முதல் சில நாட்களுக்குப் பிறகு அந்த உணர்வு பெரிதாகக் கூடவே இல்லை. திறன் மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருந்தது.

‘பழகிடுச்சு’ என்பதன் பொருள் இதுதான். உடம்பு பழகவில்லை, குறை தெரியாமல் போனதுதான் பழகியிருக்கிறது. சைடு புராஜெக்ட் செய்கிறவருக்கு இது இரட்டை நஷ்டம். ராத்திரி ஒரு மணிக்கு எழுதிய புரோகிராம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே தூங்காத மூளைதான். சனிக்கிழமை காலை திறந்து பார்த்து, ‘இதை யார்டா எழுதுனது’ என்று தலையில் கை வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறனை, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் திறனோடு ஒப்பிட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம். காலை 7 மணிக்கு எழுந்தவருக்கு நள்ளிரவு 12 மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. அந்த அளவு குடித்துவிட்டு ரேடியல் ரோட்டில் வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். அதே நிலையில் ஒரு ஆப்பின் புது வெர்ஷனை வெளியிட்டால் யாரும் ஊதச் சொல்லப்போவதில்லை. ஆனால் நாலரை மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்த அதே ஆள், 9 மணிக்கு லாரிக்கும் வாட்டர் டேங்கருக்கும் நடுவில் பைக் ஓட்டிக்கொண்டு போகிறார். தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி எந்தச் சிக்னலிலும் இல்லை.

சென்னையில் நடந்த ஆய்வு சொன்னது என்ன?

இதையெல்லாம் வைத்து, ‘நன்றாகத் தூங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று முடித்துவிடலாம். அவ்வளவு சுலபம் இல்லை என்று காட்டியது, சென்னையிலேயே நடந்த ஒரு ஆய்வு. பொருளாதார அறிஞர்கள் பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃப்ராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகியோர் 452 பேரை வைத்து இதைச் செய்து, 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் ஐடி ஊழியர்கள் அல்ல, குறைந்த வருமானம் உள்ளவர்கள். அவர்களுக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, தூக்கத்தை அளக்க மணிக்கட்டில் ஒரு கருவி கட்டினார்கள்.

படுக்கையில் இருந்த நேரம் சுமார் 8 மணி. உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். இரவு பலமுறை விழிப்பு. சென்னைப் புழுக்கம், கொசு, தெருச்சத்தம், நெருக்கடியான வீடு இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆலோசனை, ஊக்கத்தொகை, காதடைப்பான், கண்மறைப்பு என்று பல வழிகளில் உதவியதும் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத் திறனிலோ முடிவெடுப்பதிலோ அளக்கக்கூடிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

‘அப்ப தூக்கத்துல ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?’ என்று கேட்கலாம். இல்லை. துண்டு துண்டான தூக்கத்தோடு இன்னும் 27 நிமிடம் சேர்ப்பது வேறு. இருப்பதிலிருந்து இரண்டு மணி நேரத்தை வெட்டுவது வேறு. வாரநாளில் வெட்டியதை ஞாயிறு மதியம் வரை படுத்து ஈடுகட்டிவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் மணிக்கணக்கு மட்டும் தூக்கம் ஆகிவிடாது.

அதே ஆய்வில் பலன் கொடுத்தது எது தெரியுமா? மதியம் வேலை இடத்திலேயே போட்ட அரை மணி நேரக் குட்டித் தூக்கம். வேலை வேகம், கவனம், மனநிலை எல்லாமே முன்னேறின. ஆனால் அந்த அரை மணி நேரம் வேலை நேரத்திலிருந்துதான் போனது. அதாவது, அதை யாராவது கொடுக்க வேண்டும். கேரம் போர்டுக்கும் டேபிள் டென்னிஸுக்கும் இடம் ஒதுக்கும் ஆபீஸ்களில் மதியம் கண்ணை மூடினால் இன்னும் சோம்பேறிப் பட்டம்தான்.

இங்கேதான் விஷயம் தனிமனித ஒழுக்கத்தைத் தாண்டிப் போகிறது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் நாராயண மூர்த்தி சொன்னார். 2025-ல் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். 2022-ல் மூன்லைட்டிங் சர்ச்சை வெடித்தபோது, போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியது. பகல் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம், ராத்திரியிலும் பாதி சொந்தம் என்றால், ஒரு இளைஞர் தன் வேலையை ஒளித்துவைத்துச் செய்ய நள்ளிரவைத் தவிர வேறு இடம் ஏது?

சைடு புராஜெக்ட் செய்த சென்னைக்காரர்களில் மிகப் பெரியவர் ராமானுஜன். 1912 மார்ச்சில் போர்ட் டிரஸ்ட்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். கணக்கு அவருடைய இரண்டாவது ஷிஃப்ட். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விடிய விடிய கண்விழித்த கதைதான் சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமானது, மேலதிகாரிகள் நாராயண ஐயரும் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அந்த இரண்டாவது ஷிஃப்ட்டைக் குற்றமாகப் பார்க்காமல் துணை நின்றது. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதன் பிறகு அவர் குமாஸ்தா வேலைக்குப் போகவில்லை. 25 வயதில் அவருக்குப் பகல் கிடைத்தது.

எல்லோருக்கும் பல்கலைக்கழகம் வந்து கதவைத் தட்டாது. ஆனால் ஒளிக்காமல் கேட்கும் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. ஊழியர்கள் முன் அனுமதியோடு, போட்டி இல்லாத வெளிவேலை செய்யலாம் என்று 2022 அக்டோபரில் இன்ஃபோசிஸ் சொன்னது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இதுபற்றி என்ன இருக்கிறது என்று பலர் படித்துப் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் ரோட்டில் போகும் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. அதையும் மீட்டிங்குக்கே தாரை வார்த்துவிட்டு, பிறகு தூக்கத்திடம் கடன் கேட்கிறோம். அந்த இரண்டு மணி நேரமும், சனிக்கிழமை காலை மூன்று மணி நேரமும் சேர்ந்தால், வாரம் ஐந்து மணி நேரம். ஆப் வெளியாக ஆறு மாதத்துக்குப் பதில் பத்து மாதம் ஆகலாம். ஆகட்டுமே.

மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோவின் 5-ஆம் வழித்தடத்தில் கீழ்க்கட்டளைக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு. பைக் ஓட்டும் நேரத்தில் எதையும் படிக்கவோ எழுதவோ முடியாது. ரயில் வந்த பிறகு அந்த நேரமும் கைக்கு வரும், உட்கார இடம் கிடைத்தால்.