அழுக்கு ரயிலுக்குப் பரிசு கிடையாது

சென்ற மாதம் இங்கே காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவினைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். நானும் என் ரயிலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஐந்தடியில் இரண்டு பலகை, சேர்த்து வைத்தால் பத்தடி. அதன்மேல் ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன், நாலு பெட்டி பாசஞ்சர், ஒரு கரி எஞ்சின், ஒரு லெவல் கிராசிங், ஓரமாகக் கொஞ்சம் கண்மாய். மூன்று வருடத்து வேலை.

பரிசு தீர்மானிக்க வந்த கனவான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஏன் இப்படி அழுக்கா இருக்கு? புதுசா ஒரு பெயிண்ட் அடிச்சிருக்கலாமே" என்றார்.

முதல் பரிசு அடுத்த மேஜைக்குப் போயிற்று. பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த வெளிநாட்டு ரயில். கூரையில் பனி விழுந்த வீடு ஒன்று. காரைக்குடியில், ஏப்ரல் மாதத்தில், பனி! செய்தவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் வாங்கினார், வைத்தார், பிள்ளைகள் கைதட்டின. அதைச் 'செய்தது' என்று எண்ணிப் பரிசு கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அழுக்கு என்று அவர் சொன்னது அழுக்கு இல்லை. 1970-களின் நடுவில் ஒரு மே மாதத்து மாலைதான் நான் செய்திருப்பது. கரி எஞ்சினுக்குப் பின்னால் ஓடும் பெட்டியின் கூரை கறுத்துத்தான் இருக்கும், புகைக்கரி. சக்கரத்துக்குப் பக்கத்தில் எல்லாம் பழுப்பாக இருக்கும். அந்தக் காலத்து பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பு. தேய்ந்து பொடியாகி, அந்தப் பொடி துருப்பிடித்துப் பெட்டியின் அடிப்பாகம் முழுக்க அப்பிக்கொள்ளும். அதற்கு மேல் நம் ஊர்ச் செம்மண். புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை செம்மண் காற்றில் ஓடிவருகிற வண்டி பளபளவென்று இருந்தால் அது பொய். ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு வழிந்த தடம்கூட இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. உலகத்தில் அதிகம் பேர் செய்யும் ரயில் மாதிரிகள் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. எச்.ஓ. என்று பெயர். வெளிநாட்டில் சாதாரணமாக ஓடும் ரயில்பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் பதினாறரை. அதனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676. அதற்குப் பத்தொன்பதேகால் வேண்டும், கடையில் கிடைக்காது. நம் மீட்டர் கேஜ் பெயரிலேயே இருக்கிறது, 1000. வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் கேஜ்தான் என்பதால், அவற்றுக்காகப் பன்னிரண்டு மில்லிமீட்டரில் தண்டவாளம் விற்கிறார்கள். ஆக, ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த தண்டவாளத்தில்தான் என் காரைக்குடி பாசஞ்சர் ஓடுகிறது. பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருமுறை ஊருக்கு வந்தபோது சட்டை துணிமணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தான். மோட்டாரும் சக்கரமும் அவன் தந்தவைதான். எஞ்சின் உடம்பு, பெட்டிகள், கட்டடம், மரம், மனிதர்கள் எல்லாம் இங்கே, என் மாடி அறையில் செய்தவை.

பத்தடிப் பலகை என்றால் நிஜத்தில் 870 அடி. ஒரு கிலோமீட்டர் யார்டை அளவு குறையாமல் செய்ய வேண்டுமானால் பதினொன்றரை மீட்டர் நீளத்தில் கூடம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அப்படி முகப்புகள் உண்டு, என்னிடம் இல்லை. எனவே சுருக்கியிருக்கிறேன். எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் மூளைக்கு வேலை. பிளாட்பாரத்தைக் குறைக்கலாம். கைகாட்டி மரத்தின் உயரத்தைக் குறைக்கக் கூடாது.

ஜல்லி போட்டது தனிக்கதை. நிஜ ஜல்லி இரண்டு அங்குலம். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் ரவை அளவு. ரவை அளவுதானே, ரவையையே சாயம் போட்டுக் கொட்டினால் என்ன என்று என் புத்தி போயிற்று. பசையும் போட்டு ஒட்டி முடித்து, பெருமையாகப் படுக்கப் போனேன். நாலாம் நாள் காலை பார்த்தால் காரைக்குடி ஸ்டேஷனில் எறும்புக் கூட்டம், தேர் இழுக்கிற மாதிரி. எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு, கல் உடைக்கும் இடத்திலிருந்து கிரானைட் தூள் வாங்கி வந்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பசை உள்ளே இறங்குவதற்காகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மருந்து ஊற்றும் சொட்டுக் குழாயால் விட்டேன். அது இன்றுவரை கல்லு மாதிரி நிற்கிறது. சீமைக் கருவேலத்துக்குக் காய்ந்த துளசிச் செடி. கிளை பிரிகிற விதம் அச்சு அசல் அதேதான். (துளசியைக் கருவேலமாக்கியதற்கு வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.)

இதெல்லாம் எதற்கு, வயசான காலத்தில் விளையாட்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சியிலேயே நாலு பேர் "பேரனுக்கா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில் இது.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள் பாடம் என்று சொல்லலாம். எங்கள் முசியே ஒரு பூட்டையோ, ஒரு நெல் கதிரையோ மேஜைமேல் வைப்பார். அரைமணி நேரம் அதைப் பார்க்க வேண்டும், பிறகு எழுத வேண்டும், படமும் போட வேண்டும். 'அழகாக இருக்கிறது' என்று எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும். எத்தனை ஆணி, எந்தப் பக்கம் துரு, சாவித் துவாரம் நடுவிலா ஓரத்திலா, அதுதான் வேண்டும். மாதிரி ரயில் செய்வது அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. பார்க்கத் தெரியாதவன் செய்ய முடியாது. செய்து பார்க்காதவனுக்குத் தான் பார்க்கவில்லை என்பதே தெரியாது.

அதே காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை இருந்தது. 1898-இல் போட்டது. 1980-களில் மூடினார்கள், தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். சிறுவயதில் அதில் எத்தனை தடவை போயிருப்பேன்! இன்று அந்த வழி ஸ்டேஷன்களில் ஒன்றைச் செய் என்றால் என்னால் முடியாது. டிக்கெட் ஜன்னல் வலப்புறமா இடப்புறமா என்றுகூட நினைவில்லை. யாரும் அளந்து வைக்கவில்லை, நானும்தான். இப்போது அங்கே அகலப் பாதை திரும்ப வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அது வேறு பாதை.

இங்கே நம் பக்கமும் அதே கதைதான். காரைக்குடியிலிருந்து கண்டனூர் புதுவயல், வாளரமாணிக்கம், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் போகும் மீட்டர் கேஜ் 2012-இல் நின்றது. முழுப் பாதையும் அகலமாகி வண்டி ஓட 2019 ஆயிற்று. அகலப் பாதை கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே அதில்தான் போகிறேன், குலுக்கல் குறைவு, என் இடுப்புக்கு நல்லது. நடுவில் ஏழு வருடம் இருந்ததே, ஒரு பழைய டிக்கெட் ஜன்னலை, ஒரு கேட் லாட்ஜை, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் யானைத் தும்பிக்கைக் குழாயை யாராவது டேப் வைத்து அளந்தார்களா என்பதுதான் என் கேள்வி. செட்டிநாட்டு வீடு என்றால் காமிராவைத் தூக்கிக்கொண்டு உலகமே வருகிறது. தூணுக்கு ஒரு படம், ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒரு படம். அந்த வீட்டுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு கப்பலுக்குப் போக ஏறிய ரயிலடியை ஒருவரும் படம்கூட எடுப்பதில்லை.

இங்கிலாந்தில் ராய் இங்லண்ட் என்று ஒருவர் இருந்தார். பெயர்தான் அப்படி, ஊர் ஆஸ்திரேலியா. 1925-இல் இங்கிலாந்து போனவர், ஸ்விண்டன் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஓலைக்கூரை வீடுகள் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்தார். சட்டம் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அளந்தார், எழுதி வைத்தார், சின்ன அளவில் செய்ய ஆரம்பித்தார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் என்று அதற்கு ஒரு மியூசியமே உண்டாயிற்று. வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது உள்ளூர்க்காரர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் வேண்டாம், புனேயில் பாவ்சாகேப் ஜோஷி தன் ஆயுசையே போட்டு ஒரு மாதிரி ரயில் நகரத்தைச் செய்து 1998-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதுவும் எண்பத்தேழில் ஒரு பங்குதான். கைகாட்டி, பாயிண்ட், ரயில் எல்லாம் அங்கே ஓடுகிறது. மற்ற மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடாமல் நிற்கும் எஞ்சின்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஓடாத ரயிலை மாதிரி என்று எப்படிச் சொல்வது?

கல்யாணத்துக்குச் சாமான் பரப்புகிற ஊர் இது. ஊசி முதல் அண்டா வரை வரிசையாக வைத்து, எது எத்தனை என்று எண்ணி, குறை சொல்ல ஆச்சிகள் சுற்றி வருவார்கள். அந்தக் கண் நமக்கு இருக்கிறது. கொலுவில் பூங்காவும் மலையும் வைத்துப் பழகிய கையும் இருக்கிறது. மரத்தில் யாளி செதுக்கிய ஆசாரிகளின் பேரன்மார் இன்னும் இருக்கிறார்கள். பிறகு எதற்குப் பனி விழுந்த வீடு?

கவனித்தவர் ஒருவர் என்று சொன்னேனே, அவர் பழைய பாயிண்ட்ஸ்மேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் வெற்றிலைத் தடத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கைகாட்டி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் வால் மாதிரி வெட்டிய கீழ்க் கை, அதற்கு மேல் நேர் கை, வெள்ளைப் பட்டை எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

"அண்ணே, ஏதும் தப்பா இருக்கா?" என்றேன்.

"ஏணி எங்கே?"

"எந்த ஏணி?"

"ராத்திரி வண்டிக்கு விளக்கு வேணாமா? சீமெண்ணெய் விளக்கைத் தூக்கிட்டு மேலே ஏறுறது எப்படி? பறந்தா?"

மூன்று வருடம் செய்தேன், ஏணியை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. கைகாட்டியை இழுக்கும் கம்பி தண்டவாளத்தின் ஓரமாகச் சின்னச் சின்னக் கப்பிகள்மேல் ஓடுமே, அதுவும் இல்லை என்றார். பச்சை விளக்குக்கு நான் பச்சைக் கண்ணாடி வைத்திருந்தேன். "நீலம் வைங்க. சீமெண்ணெய் விளக்கு மஞ்சளா எரியும், நீலக் கண்ணாடி வழியா வந்தாத்தான் வெளியே பச்சையாத் தெரியும்" என்றார். எந்தப் புத்தகத்தைப் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம். பக்கத்தில் நின்ற நடுவர் கனவான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரியவரிடம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. டிரைவர் கையில் பிரம்பு வளையத்தோடு டோக்கன் பை எப்படி மாறும், ஓடுகிற வண்டியில் அதைப் பிடிக்கக் கையை எப்படி வைக்க வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் என் மாடி அறைக்கு வந்து சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன். இவரைப் போல ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஆகவே கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அடுத்த முறை, வாங்கி வைத்ததையும் செய்து வைத்ததையும் ஒரே வரிசையில் போடாதீர்கள். மேஜையைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வையுங்கள். ரயிலை மேலிருந்து பார்ப்பது காக்கைதான், மனிதன் பக்கத்திலிருந்து பார்க்கிறான். பரிசு தீர்மானிக்க ஒரு பழைய கேங்மேனையோ பாயிண்ட்ஸ்மேனையோ கூப்பிடுங்கள். சால்வை அவருக்குப் போடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. வருகிற செவ்வாய்க்கிழமை காலை அறந்தாங்கிப் பக்கம் ஒரு பழைய கேட் லாட்ஜை அளக்கப் போகிறேன். தண்டவாளத்தில் இறங்க மாட்டோம், ரோட்டிலிருந்தே ஆகும். கிட்டப் போக முடியாத சுவருக்குச் செங்கல் வரிசையை எண்ணி, ஒரு வரிசைக்கு மூன்று அங்குலம் என்று போட்டுக்கொண்டால் உயரம் வந்துவிடும். பாயிண்ட்ஸ்மேன் அண்ணனும் வருகிறார். டேப் என்னிடம் இருக்கிறது. தொப்பியும் தண்ணீரும் அவரவர் கொண்டுவர வேண்டும். ஏணி நேற்று ராத்திரிதான் ஒட்டி முடித்தேன், பதினான்கு படி.