நிறுவியவர்கள் இல்லாத குழு

பாலக்காடு மாவட்டத்தின் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும் இரவுகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். கூத்துமாடத்தில் வரிசையாக விளக்குகள் எரியும். திரைக்குப் பின்னால் இருக்கும் புலவர்கள் கம்பன் பாடல்களைத் தமிழில் சொல்லி, மலையாளம் கலந்து பொருள் விரிப்பார்கள். எலப்புள்ளி போல இரண்டு மொழியும் அருகருகே புழங்கும் ஊர்கள் உள்ள மாவட்டத்தில் அது இயல்புதான். விசித்திரம் திரைக்கு முன்னால் இருக்கிறது. நள்ளிரவு தாண்டினால் பார்க்க அநேகமாக யாரும் இருப்பதில்லை. ஆனாலும் கூத்து சுருங்குவதில்லை. பகவதி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது நம்பிக்கை. புலவர் மறைந்தால் மகனோ சீடனோ பாவையைக் கையில் எடுக்கிறார்.

இந்த ஒழுக்கத்தை ராக் இசைக் குழுக்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீண்ட முடி, உரத்த ஓசை, இரண்டு ஆல்பம், ஒரு சண்டை, பிறகு ஆளுக்கொரு திசை. இதுதான் அவர்களைப் பற்றிய சித்திரம். அது முழுப் பொய்யும் அல்ல. கேரளத்துக்கு ராக் இசையில் பெயர் வாங்கித் தந்த கொச்சியின் '13 ஏடி' 1970களின் இறுதியில் தோன்றியது. தொடர்ந்து நீடிக்க அதனால் முடியவில்லை. 1984இல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்று தொடங்கி, 1993இல் 'இண்டஸ் க்ரீட்' ஆன குழு 1997இல் கலைந்தது. அது மீண்டும் கூடியது 2010இல்தான்.

இந்தப் பட்டியலில் சேராத குழு ஒன்று உண்டு. தில்லியின் 'இண்டியன் ஓஷன்', 1990 முதல் இன்றுவரை கலையாமல் மேடையேறி வருகிறது. கிதார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும், தபேலா வாசித்தபடியே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கிய குழு அது. 1991இல் ராகுல் ராம் பேஸ் கிதாருடன் வந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் உழைத்தவர் அவர். 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலம் சேர்ந்தார்.

மற்ற குழுக்கள் மேலைநாட்டுப் பாடல்களைப் பிரதியெடுத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் மண்ணில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். 2000இல் வெளிவந்த 'கந்தீசா' ஆல்பத்தில் நர்மதைக் கரையின் பாடல் இருக்கிறது. ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாடலோ கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். கோட்டயத்துத் தேவாலயங்களில் கேட்கக்கூடிய ஒரு மொழியைத் தில்லிக் கல்லூரி மைதானங்கள் சேர்ந்து பாடின.

ஆனால் புகழைவிடக் கவனிக்க வேண்டியது பழக்கத்தை. தில்லி கரோல் பாகில், 16/330 கஜூர் சாலையில் ஒரு பழைய பங்களா. 1997 முதல் அங்கேதான் ஒத்திகை. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடி வாசிப்பதுதான் இத்தகைய குழுவின் உண்மையான தொழில்; மேடை அதன் விளம்பரம் மட்டுமே. அதே ஆண்டில் வந்த 'டெசர்ட் ரெயின்' ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானதல்ல. சஃப்தர் ஹஷ்மி நினைவு நிகழ்ச்சியில் வாசித்ததையே வெளியிட்டார்கள். வெட்டி ஒட்ட வழியில்லாத மேடைப் பதிவைத் துணிந்து விற்க, ஒத்திகையில் நம்பிக்கை வேண்டும்.

பொறுமைக்கும் சோதனை வந்தது. 1993 பம்பாய் குண்டுவெடிப்பு பற்றிய அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு அவர்கள் இசையமைத்தார்கள். நீதிமன்றத் தடையால் படம் முடங்கியது. 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. பாடல்கள் முன்பே மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

பெரிய அடி 2009 டிசம்பர் 25 அன்று விழுந்தது. மாரடைப்பால் அஷீம் இறந்தார். போனது தாளம் மட்டுமல்ல, குழுவின் குரலும்கூட. அவர் இடத்துக்கு அவரைப் போலவே பாடும் ஒருவரைத் தேடிப்பிடிப்பது சுலபமான வழி. குழு அதைச் செய்யவில்லை. வேலையை இரண்டாகப் பிரித்தது. தபேலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. இறந்தவருக்கு நகல் எடுக்காததில் ஒரு மரியாதை இருந்தது. அஷீம் இருந்தபோது உருவான பாடல்களை ஒத்திகை வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி, 2010 ஜூலை முதல் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக விட்டார்கள். இசைத்தட்டுக் கம்பெனியை நம்பிப் பிழைக்க முடியாது, கச்சேரிதான் சோறு போடும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். குழுவின் ஓசைக்கே அடையாளமாக இருந்தது அவர் கிதார். அந்த இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். மறு ஆண்டே 'தந்தானு' வெளிவந்தது. வி. செல்வகணேஷின் கஞ்சிராவும் குமரேஷின் வயலினும் ஷங்கர் மகாதேவனின் குரலும் விருந்தாளிகளாக வந்த ஆல்பம் அது.

ஆக, தொடங்கிய இருவரில் ஒருவர்கூட இன்று குழுவில் இல்லை. அப்படியானால் இது அதே குழுதானா? பழைய ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் உறுத்தும். உறுத்தலில் நியாயமும் உண்டு. அந்தக் கிதாரும் அந்தக் குரலும் திரும்பப் போவதில்லை. 1962இல் பிறந்த 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவுக்கும் இதே நிலை வந்தது. 58 ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த மாதமே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவருடைய இடத்தில் ஸ்டீவ் ஜோர்டன் வாசித்தார். கல்நெஞ்சம் என்று சிலருக்குப் படலாம். ஆனால் மேடைக்கு ஒத்துக்கொண்ட வார்த்தை, மேடையை நம்பிப் பிழைக்கும் ஒலி, ஒளி ஊழியர்களின் கூலி, சீட்டு வாங்கியவரின் எதிர்பார்ப்பு எல்லாம் துக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

தில்லிக் குழு துக்கத்துக்கும் தொழிலுக்கும் தனித்தனி இடம் கொடுக்கக் கற்றது. 'தந்தானு'வுக்குப் பின் அடுத்த ஆல்பமான 'து ஹை' வர 2023 ஆகிவிட்டது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் குழு கலையவில்லை, கச்சேரிகள் நிற்கவில்லை. அவசரமும் படவில்லை.

ஊர் ஊராக மேளமும் கீபோர்டும் வைத்துக் குழு தொடங்கும் இளைஞர்கள் முதலில் யோசிப்பது பெயரைப் பற்றி. பிறகு சுவரொட்டி. ஒத்திகைக்கு நிரந்தரமாக ஓர் அறை என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். அறையை முதலில் பிடிப்பது நல்லது. பெயரைக் காப்பாற்றப்போவது அந்த அறைதான்.