சேணத்தில் அமருமுன்

'இராவுத்தர்' என்னும் பெயர் குதிரை வீரரைக் குறித்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காலம் ஒன்றிருந்தது. இன்று சுங்குவார்சத்திரத்தில் நம் கண்ணில் படுவன தொழிற்சாலைப் பேருந்துகளே. ஆயினும், விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் குதிரையேற்றம் பயில அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அல்ஹம்துலில்லாஹ்.

குறை ஒன்றுண்டு. சேணத்தில் அமருமுன் உடலை ஆயத்தம் செய்வது பற்றி நாம் பேசுவதே இல்லை. குதிரையின் நடைக்கேற்ப இடுப்பு இசைந்து கொடுக்க வேண்டும். மேலுடல் நிலைகுலையாதிருக்க வேண்டும். கடிவாளம் பிடித்த கை தனித்து இயங்க வேண்டும். வயிற்றின் ஆழத்தசைகளும் முதுகெலும்பைத் தாங்கும் தசைகளும் வலுவற்றவர் என்ன செய்வார்? முழங்காலால் இறுக்குவார், கடிவாளத்தைப் பற்றித் தொங்குவார். நோவது குதிரையின் வாய். அவர் ஒருபுறம் சாய்ந்தால் பாரம் முழுதும் அதன் முதுகில் அப்பக்கமே அழுத்தும். வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. ஏறுபவரின் உடற்பயிற்சி ஏறப்படும் உயிரின் உரிமையுமாகும் என்பதே நம் கருத்து.

இதற்குப் பொருத்தமானது பிலாட்டிஸ். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், நோயுற்ற சிறுவனாக வளர்ந்து, முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் செம்மைப்படுத்திய முறை இது. மூச்சோடு இணைந்த நிதானமான அசைவுகளே இதன் உயிர். மந்திரமோ வழிபாடோ இதில் இல்லை. ஆகவே தயக்கம் வேண்டியதில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை உயர்த்தி, முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தரையில் இறக்கப் பாய் ஒன்று போதும். பெண்கள் தம் வீட்டிலேயே செய்யலாம். தொழுகையே உடற்பயிற்சிதானே என்பாரும் உளர். இபாதத்தை அவ்வாறு சுருக்குவதை நாம் ஏற்பதில்லை.

நம் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலை சென்று சேரும் பெங்களூரைச் சேர்ந்தவர் ஃபவாத் மிர்சா. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 1982க்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் பெற்றுத் தந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். அவர் போட்டியிடும் பிரிவில் ஒரே குதிரையோடு நளின நடை, காட்டுவெளி ஓட்டம், தடை தாண்டல் மூன்றையும் முடிக்க வேண்டும். தளர்ந்த இடுப்போடு அது நடவாது.

ஃபஜ்ருக்குப் பின் இருபது நிமிடம், வாரம் மூன்று நாள் என்று தொடங்கலாம். பணிநேரம் முழுதும் நின்றே உழைத்துத் திரும்பும் நம் இளைஞர், குதிரையே ஏறாவிடினும், பிள்ளைகளோடு சேர்ந்து செய்யட்டும். முதுகில் ஏற்கெனவே பாதிப்புள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.