ஒரே எண், வேறு பேரிங்

ஒரு பேரிங்கின் மேல் 30206 என்று பொறித்திருந்தால், அதன் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, மொத்த அகலம் 17.25 என்று கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். எந்த நாட்டில் செய்திருந்தாலும் அளவு மாறாது. ஐஎஸ்ஓ 355 என்ற சர்வதேசத் தரம் அதற்குப் பொறுப்பேற்கிறது. லாரியின் சக்கர ஹப், ஆலையின் கியர்பாக்ஸ், சரக்கு வேகனின் அச்சு என்று எங்கும் சுழலும் டேப்பர் ரோலர் பேரிங்குகளை இப்படி அளவால் கட்டிப்போடாவிட்டால், தேய்ந்ததைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதே பெரும்பாடாகிவிடும். ஆனால் அந்தத் தரம் வரையறுப்பது வெளிக்கூட்டை மட்டும்தான். உள்ளே எத்தனை உருளைகள், அவற்றின் முனை எப்படி வளைந்திருக்கிறது, பரப்பு எவ்வளவு வழவழப்பு, எஃகு எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் தயாரிப்பவரின் முடிவு. எண் ஒன்றென்றால் சரக்கும் ஒன்றுதான் என்று எண்ணி, அதில் விலை குறைந்ததை வாங்குவது நம் ஆலைகளிலும் அரசு நிறுவனங்களிலும் வழக்கமாகிவிட்டது. இந்தப் பேரிங்கின் உள்ளமைப்பு மாறத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் கேட்டலாக்கில் பெரிய எண்ணைக் காட்டுவதற்காக இருக்கக் கூடாது. சூட்டைக் குறைப்பதற்கும், அழுக்கையும் அச்சின் சாய்வையும் பொறுத்துக்கொள்வதற்கும் இருக்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்க வேண்டியவர் வாங்குபவர்தான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு, அடிப்படையில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அச்சின் மேல் உட்காரும் கோன், வெளியே கவிந்திருக்கும் கப், நடுவே ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகள், அவற்றை இடைவெளிவிட்டு நிறுத்தும் கேஜ். எல்லாச் சாய்வுக் கோடுகளையும் நீட்டினால் அவை அச்சின் மையக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்கும்; அதனால் உருளை தன் பாதையில் வழுக்காமல் உருள்கிறது. பக்கவாட்டுத் தள்ளலையும் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் ஒன்றாகத் தாங்குவதே இந்தச் சாய்வின் பயன். ஆனால் அதே சாய்வுதான், பாரம் ஏறும்போது உருளையை அதன் பருத்த முனைப் பக்கம் பிதுக்கித் தள்ளுகிறது. அங்கே அதைத் தடுத்து நிறுத்துவது கோனின் ஓரத்தில் எழும்பி நிற்கும் ரிப். அதன் மேல் விழும் விசை, அந்த உருளை தாங்கும் சுமையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் மற்ற இடங்களிலெல்லாம் உருளை உருள்கிறது, ரிப்பில் மட்டும் உரசுகிறது. குறைந்த வேகத்தில் ஏற்படும் உராய்வில் பெரும்பகுதி இந்தச் சின்ன விளிம்பில்தான் பிறக்கிறது.

இனி, உள்ளமைப்பை மாற்றக் கிளம்புகிறவர்களின் கை முதலில் எங்கே போகிறது என்று பார்ப்போம். பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 281 விதிப்படி, சுமைத்திறனைச் சுமையால் வகுத்து 10/3 என்ற அடுக்குக்கு உயர்த்தினால், நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் தாண்டிவிடும் ஆயுள், பத்து லட்சம் சுற்றுகள் என்ற அலகில் கிடைக்கும். ஆய்வாளர்கள் லண்ட்பெரியும் பால்ம்கிரெனும் 1947-ல் போட்ட அடித்தளம் அது. சுமைத்திறன் பத்து சதவீதம் கூடினால், காகிதத்தில் ஆயுள் 37 சதவீதம் கூடிவிடும். 16 உருளைகள் இருந்த இடத்தில் பதினேழாவதை நுழைத்தால் போதும், சுமைத்திறன் ஏறக்குறைய ஐந்து சதவீதமும் கணக்கு ஆயுள் 16 சதவீதமும் ஏறும். விற்பனைப் பிரசுரத்துக்கு இதைவிட மலிவான அலங்காரம் கிடையாது. ஆனால் கூடுதல் உருளைக்கு இடம் எங்கிருந்து வரும்? கேஜின் கம்பிகளை ஒல்லியாக்கித்தான் வர வேண்டும். உருளை கூடினால் உருளும்போது எண்ணெயைக் கலக்கும் இழப்பும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சூத்திரம் உருளும் பாதையில் உலோகம் களைத்து உதிர்வதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ரிப் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

ரிப்பின் உராய்வு சூடாகத்தான் வெளிப்படும். பேரிங் சூடேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டீன் என்ற ஊரருகே சரக்கு ரயில் ஒன்றின் 38 பெட்டிகள் தடம்புரண்டன. அவற்றில் சிலவற்றில் வினைல் குளோரைடு இருந்தது. தண்டவாளத்தோரக் கருவிகள் அந்த ரயிலின் ஒரு சக்கர பேரிங்கை வழியில் அளந்திருந்தன. சுற்றுப்புறத்தைவிட முதலில் 38 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல், அடுத்ததில் 103, சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி மூன்றாவதில் 253. அந்த மூன்றாவது கருவியின் எச்சரிக்கை வந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த பேரிங்கின் உள்வடிவமைப்புதான் விபத்துக்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. வெளியிலிருந்து காவல் காக்கும் கருவி எப்போதும் பிந்தித்தான் பேசும் என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம். சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது வடிவமைப்பாளரின் மேஜையில்தான் முடியும்.

அங்கே செய்யக்கூடியவை மாயமல்ல. உருளையின் பருத்த முனையைச் சிறு கோளத்துண்டாக வளைத்து, அந்த வளைவின் ஆரத்தை உருளைச்சாய்வு சந்திக்கும் புள்ளி வரையிலான தூரத்தைவிடச் சற்றே குறைத்து வைத்தால், ரிப்புக்கும் முனைக்கும் இடையே ஆப்பு வடிவத்தில் மெல்லிய இடைவெளி கிடைக்கும். எண்ணெய் அதற்குள் இழுபட்டுப் படலமாக நிற்கும். இரண்டு பரப்புகளையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெருகேற்றினால், மெல்லிய படலமே அவற்றைப் பிரித்து வைக்கப் போதும். அடுத்தது உருளையின் உடல். நேர்கோட்டில் கடைந்த உருளை பாரத்தின் கீழ் தன் இரு ஓரங்களில்தான் அதிகம் அழுத்துகிறது. அச்சு சற்றே வளைந்தாலும் முழுப் பாரமும் ஒரே ஓரத்துக்குப் போய்விடும். டேப்பர் பேரிங் பொறுத்துக்கொள்ளும் சாய்வு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான மினிட் கணக்கில் சிலதான். ஓரங்களை மைக்ரான் கணக்கில் மடக்கையின் வளைவில் தாழ்த்தினால் அழுத்தம் நீளம் முழுவதும் பரவும் என்று லண்ட்பெரி 1939-லேயே எழுதிவிட்டார். அதைத் தொழிற்சாலையில் பெருமளவில் அரைத்தெடுக்கும் இயந்திரங்கள் வரத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று அவை வந்துவிட்டன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வது: பேரிங் பெரும்பாலும் வடிவமைப்பால் சாவதில்லை, மண், தண்ணீர், பழைய கிரீஸ், சுத்தியலால் அடித்து ஏற்றுவது, தளர்வைத் தவறாக வைப்பது, இவற்றால்தான் சாகிறது. முழுக்க உண்மை. ஆனால் இந்த உண்மை என் பக்கம்தான் நிற்கிறது. களைப்பால் சாவது அரிது என்றால், களைப்பு ஆயுளை மட்டும் காட்டும் எண்ணை ஏன் துரத்த வேண்டும்? நம் சாலைகளும் ஆலைகளும் தூசு இல்லாத ஆய்வுக்கூடங்களாக இன்றோ நாளையோ மாறப்போவதில்லை. கிரீஸ் கொஞ்சம் வற்றினாலும் ரிப் கருகாமல் இருப்பதும், தாங்குகூடு சற்றுக் கோணலாக இருந்தாலும் உருளையின் ஓரம் உடையாமல் இருப்பதும் வடிவமைப்பு தரக்கூடிய பாதுகாப்பே. அடுத்த வாதம், எண்ணெய் கலக்கும் இழப்பைக் குறைக்க உருளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் பாரம் தாங்காது என்பது. உருக்காலையில் உருட்டு உருளைகளின் கழுத்தைத் தாங்கும் நான்கு வரிசை பேரிங்குகளுக்கு இது சரி. அங்கே ஒவ்வொரு உருளையும் வேண்டும். ஆனால் கியர்பாக்ஸ்களில் எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் பெரிய பேரிங்கை மாட்டுவது சகஜம். அங்கே இரண்டு உருளையைக் கழித்து, மிச்சமுள்ளவற்றின் வடிவத்தைத் திருத்துவது இழப்பாகாது. உலகம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது என்று ஆய்வாளர்கள் ஹோல்ம்பெர்கும் எர்டெமிரும் 2017-ல் மதிப்பிட்டார்கள். அதில் பேரிங்கின் பங்கு ஒரு பகுதிதான் என்றாலும், இரவு பகலாக ஓடும் இயந்திரத்தில் அந்தப் பகுதி மின்கட்டணத்தில் தெரியும்.

விலை ஏறும், சிறு தயாரிப்பாளர்கள் நசுங்கிப்போவார்கள் என்பது இன்னொரு கவலை. மெருகேற்றவும் வளைவு அரைக்கவும் செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய நிலையில் உள்ளே நேர்மையாகச் செலவு செய்யும் சிறு தயாரிப்பாளருக்குத்தான் அதிக நஷ்டம். பெட்டிக்குள் இருப்பதை யாரும் கேட்காதபோது அவருடைய கூடுதல் ஐம்பது ரூபாய் டெண்டரில் அவரைத் தோற்கடிக்க மட்டுமே உதவுகிறது. வாங்குபவர் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பார் என்றும் கேட்பார்கள். எஃகின் சுத்தத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டும்தான். ஆனால் குறிப்பிட்ட பாரத்தில், குறிப்பிட்ட வேகத்தில் பேரிங்கைச் சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூடேறுகிறது என்று அளக்க எளிய சோதனை மேடை போதும். பொறியியல் கல்லூரி ஒன்றின் பட்டறையிலேயே அதை நிறுவலாம். போலி பேரிங்குகளும் அந்த மேடையில் நெடுநேரம் வேஷம் போட முடியாது.

எனவே ரயில்வேயும், கூட்டுறவு சர்க்கரை ஆலைகளும், மின் உற்பத்திக் கழகங்களும் அடுத்த டெண்டரில் பேரிங் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கட்டும்: குறித்த பாரத்தில் உராய்வு முறுக்குவிசை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, ரிப்பின் பரப்புக் கரடு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், உருளையின் பக்கவடிவம் நேர்கோடா வளைவா என்று அளவோடு தெரிவிக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறியவர்களுக்குள் விலை குறைந்தவருக்கே ஆர்டரைக் கொடுங்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.