ஓய்வு நேரம்: ஒட்டிச் செய்யும் கப்பலும் விமானமும்

பிள்ளைகள் பெட்டியில் வாங்கி ஒட்டுகின்ற கப்பல், விமான மாதிரிகளைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

பிரித்தானியாவில் இதற்குப் பெயர் போனது 'எயர்பிக்ஸ்'. 1939இல் அதைத் தொடங்கிய நிக்கொலஸ் கோவ், ஹங்கேரியில் இருந்து வந்த ஒரு அகதி. முதலில் காற்றடைத்த றப்பர் விளையாட்டுப் பொருட்கள், பிறகு சீப்புகள் செய்தார்கள். 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற பாய்க்கப்பல் வந்தது. பெட்டி போட்டால் விலை கூடுமென்று பொலித்தீன் பையில் போட்டு, வூல்வேர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்றார்கள். 1953இல் ஸ்பிட்பயர் விமானம் வந்தது.

சீப்பு வார்க்கும் முறைதான் இதுவும். உருக்கிய பிளாஸ்ரிக்கை அழுத்தி அச்சுக்குள் செலுத்தி, ஆறவிட்டு எடுப்பது. எம்மில் பலர் இரவு வேலையில் நிற்பதும் அதே மெசினில்தான். ஆகவே பெட்டியைத் திறந்ததும் பிள்ளைக்குச் சொல்ல எம்மிடம் விடயம் உண்டு.

துண்டுகளைக் கையால் முறிக்கக் கூடாது. குறட்டால் வெட்டி, அரத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய மருந்து துண்டிலும் கொஞ்சம் இருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் பெயின்ற் நன்றாகப் பிடிக்கும். தடித்த இடங்களில் பிளாஸ்ரிக் ஆறும்போது சுருங்கிக் குழி விழும். அதைப் புட்டியால் நிரப்பலாம். இதற்கென்று விற்கும் பசை பிளாஸ்ரிக்கையே கரைத்து ஒன்றாக்குவது. ஆகையால் ஒரு துளி போதும். யன்னலைத் திறந்து வையுங்கள்.

கணக்கும் படிக்கலாம். 1/72 என்றால் ஆறடி மனிதன் ஒரு அங்குலம். 269 மீற்றர் நீளமான டைட்டானிக், 1/700 அளவில் 38 சென்ரிமீற்றர்தான். பிள்ளையையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, பல பெற்றோரின் மனதில் இருக்கும் கேள்விக்கு வருவோம். கடையில் அதிகம் இருப்பவை போர் விமானங்கள். நாமோ 1996இற்குப் பிறகு கிபிர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள். இன்று எமது பிள்ளை அப்படியொரு விமானத்தைக் கேட்டால் வாங்கிக் கொடுக்கலாமா?

தடுக்க வேண்டாம் என்பதே எமது எண்ணம். தடுத்தால் ஏன் என்று பிள்ளைக்கு விளங்காது. ஆனால் பேசாமலும் இருக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கூட ஒட்டுங்கள். இறக்கைக்குக் கீழே ஒட்டுகின்ற அந்தச் சின்னத் துண்டு என்ன, அது விழுந்தால் கீழே இருக்கும் சனத்துக்கு என்ன நடக்கும் என்பதை வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். எமது கதையைப் பிள்ளை கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மனம் கேளாதவர்கள் கப்பல் செய்யலாம். வல்வெட்டித்துறையில் எம்மவர் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. மெல்லிய பலகை, நூல், துணி, இரண்டு பாய்மரம் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்.

ஞாயிறில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.